வைத்தியசாலைக்கு வழிவிட்ட வீதிகள்

அமெரிக்காவின் தெற்குக் கோடியில், மிசிசிப்பி நதி கடலை அடைவதற்கு முன் வளைந்து வளைந்து செல்லும் திருப்பங்களில் ஒன்றின் கரையிலே அமைந்திருக்கிறது நியூ ஆர்லியன்ஸ் நகரம். அங்கே வீதியின் பெயரை அறிய விரும்புகிறவன் கம்பத்தை அண்ணாந்து பார்க்க வேண்டுமென்பதில்லை. பல தெருமுனைகளில் குனிந்து காலடியைப் பார்த்தாலே போதும். நடைபாதையின் சிமெண்டுத் தளத்துக்குள், ஓர் ஓட்டுக்கு ஓர் எழுத்தாக, வெள்ளையில் நீல நிறத்தில் எழுதிய சிறு ஓடுகளை வரிசையாகப் பதித்து வீதியின் பெயரைத் தரையிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். எத்தனையோ தலைமுறையினர் மிதித்து நடந்தும், எத்தனையோ வெள்ளங்கள் மூடி வடிந்தும், அந்த நீல எழுத்துக்கள் பல இடங்களில் இன்றும் மங்காமல் இருக்கின்றன.

அந்தப் பெயர்களை வரிசையாகப் படித்துக்கொண்டு போவதே அந்த மாகாணத்தின் சரித்திரத்தைப் படிப்பது போன்றது. கிளெய்போர்ன் என்ற அகன்ற சாலையிலிருந்து புறப்பட்டு, அந்த ஊரார் வழக்கப்படி சொன்னால் 'ஏரிப் பக்கமாக' நடக்கிறவன், டெர்பினி, ரோமன், ப்ரியர், ஜான்சன், கால்வெஸ், மீரோ, டோன்டி என்ற வீதிகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கடப்பான். கிளெய்போர்ன் லூசியானா மாகாணத்தின் முதல் கவர்னர். டெர்பினியும் ரோமனும் ஜான்சனும் அவருக்குப் பின் அந்தப் பதவியை வகித்தவர்கள். ப்ரியர் நகரத்தின் மேயராக இருந்தவர். கால்வெஸும் மீரோவும் அந்தப் பிரதேசம் ஸ்பெயின் தேசத்தின் ஆளுகையில் இருந்தபோது அங்கே அதிகாரம் செலுத்தியவர்கள். டோன்டியோ, இவர்கள் எல்லோருக்கும் முன்னால் பிரெஞ்சுக்காரர்களுடன் மிசிசிப்பியின் வழியே படகு செலுத்தி வந்த யாத்ரிகர்.

இந்த வீதிகளிற் சில இன்று நடுவே அறுந்து கிடக்கின்றன. கானல் வீதிக்கும் டுலேன் அவென்யூவுக்கும் இடையே சுமார் 70 ஏக்கர் பரப்பில், ரோமன், ப்ரியர், ஜான்சன், மீரோ, டோன்டி ஆகிய வீதிகளும், அவற்றைக் குறுக்கே வெட்டிச் சென்ற பால்மைரா, கிளீவ்லண்ட் முதலிய வீதிகளும், அவற்றின் கரைகளில் நின்ற வீடுகளோடு மறைந்துவிட்டன. அந்த இடத்தில் இப்போது இரண்டு பெரிய வைத்தியசாலைகள் ஓங்கி நிற்கின்றன. இரண்டுக்கும் நடுவே கால்வெஸ் வீதி மட்டும் தப்பிப் பிழைத்து ஓடிக்கொண்டிருக்கிறது.

வைத்தியசாலைக்காக வீதியை மூடுவது உலகத்தில் பல நகரங்களில் நடக்கும் காரியம். நோயாளிக்குக் கட்டில் வேண்டும், கட்டிலுக்கு இடம் வேண்டும், இடத்துக்கு வீதி குறுக்கே நிற்கிறது என்று சொன்னால் எந்த நல்ல மனிதனும் அதை மறுத்துப் பேசத் தயங்குவான். அந்தத் தயக்கம் இயல்பானதுதான். ஆனால் அப்படித் தயங்கி எல்லோரும் வாய்மூடி இருந்துவிட்டால், கேட்க வேண்டிய சில கேள்விகள் கேட்கப்படாமலே போகும் என்பதை நியூ ஆர்லியன்ஸின் கதை நமக்கு நன்றாக எடுத்துக்காட்டுகிறது.

*

முதலில், வீதி என்பது யாருடைய சொத்து என்ற விஷயத்தைச் சற்றுத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். நகரசபைக்குப் பல விதமான சொத்துக்கள் உண்டு. அதற்கென்று ஒரு காலி மனை இருக்கலாம். பழைய கிடங்கு ஒன்று இருக்கலாம். தனி மனிதன் தன் சொத்தை விற்பதுபோல, சட்டப்படியான முறைகளை அனுசரித்து, அவற்றை அது விற்கவும் செய்யலாம். வீதி அந்த வகையைச் சேர்ந்ததன்று. பிரான்ஸ், ஸ்பெயின் தேசங்களின் சட்ட மரபை இன்றளவும் கைவிடாமல் வைத்திருக்கும் லூசியானா மாகாணத்தின் சிவில் சட்டத் தொகுப்பு, தன் 450ஆம் பிரிவில், வீதிகளையும் பொதுச் சதுக்கங்களையும் 'பொதுப் பொருள்கள்' என்ற வகுப்பில் சேர்க்கிறது. நகரசபை அவற்றை வைத்திருப்பது பொதுஜனங்களின் பிரதிநிதி என்ற முறையில். உரிமையாளன் என்ற முறையில் அன்று. பெற்ற பிள்ளைகளின் ஆஸ்தியைத் தகப்பன் அவர்கள் பொருட்டுப் பராமரிப்பது எப்படியோ அப்படி.

இங்கிலாந்தின் சட்ட மரபும் வேறு வழியில் சென்று இதே இடத்துக்குத்தான் வந்து சேருகிறது. ஒருமுறை பொதுவழியாகிவிட்டது என்றும் பொதுவழியே என்பது அந்நாட்டு நீதிமன்றங்களில் நெடுங்காலமாக வழங்கிவரும் சூத்திரம். நடமாட்டம் குறைந்துவிட்டது என்ற காரணத்தால் மாத்திரம் அங்கே பொதுஜனங்களின் உரிமை அற்றுப்போவதில்லை. முறைப்படி அறிவித்து, ஆட்சேபங்களைக் கேட்டு, சட்டத்தின் கீழ் உத்தரவு பிறப்பித்தால்தான் வீதி மூடும். அமெரிக்காவின் பல மாகாணங்களிலோ, வீதியின் மண் இருபுறத்து மனைக்காரர்களுக்குச் சொந்தம் என்றும், அதன்மேல் போய்வரும் பாத்தியதை மட்டுமே பொதுஜனங்களுக்கு உண்டென்றும் கொள்கிறார்கள். அங்கே நகரசபை அந்தப் பாத்தியதையைக் கைவிடுமானால், வீதியின் நடுக்கோடு வரையில் ஒரு பாதி இந்தப் புறத்து மனைக்காரருக்கும் மறுபாதி அந்தப் புறத்து மனைக்காரருக்கும் போய்ச் சேரும். ஒரு வைத்தியசாலை தன்னைச் சுற்றியுள்ள மனைகளை வருஷக்கணக்காக ஒவ்வொன்றாய் வாங்கிக்கொண்டே வருவதன் அர்த்தம் இதனால் விளங்கும்: இருபுறமும் தன்னுடையதாகிவிட்டால் நடுவே உள்ள வீதி கடைசியில் தன்னிடம்தான் வந்து சேரும் என்பதை அதன் நிர்வாகிகள் அறிவார்கள்.

வீதி என்றால் நாம் கண்ணால் காணும் தார்ப் பரப்பு மட்டுமே என்று நினைப்பதும் தவறு. அதன் அடியில் குடிதண்ணீர்க் குழாய் ஓடுகிறது, சாக்கடை ஓடுகிறது, எரிவாயுக் குழாய் ஓடுகிறது, மேலே மின்சாரக் கம்பியும் டெலிபோன் கம்பியும் போகின்றன. நியூ ஆர்லியன்ஸ் போன்ற ஊரில், நகரத்தின் கணிசமான பகுதி கடல் மட்டத்துக்கும் கீழே தாழ்ந்து கிடப்பதால், பெய்யும் மழையையெல்லாம் வீதிகளின் அடியிலுள்ள வடிகால்களின் வழியே சேர்த்து, யந்திரங்களைக் கொண்டு இறைத்து வெளியேற்ற வேண்டியிருக்கிறது. ஆகையால் ஒரு வீதியை மூடுவதென்றால் இவை அனைத்துக்கும் மாற்று வழி கண்டாக வேண்டும். தீயணைக்கும் வண்டி எந்தப் பக்கமாக வரும், பஸ் எங்கே திரும்பும், பள்ளிக்கூடம் போகும் குழந்தை எவ்வளவு தூரம் சுற்ற வேண்டும் என்பதையும் கணக்கிட்டாக வேண்டும்.

*

வைத்தியசாலைகள் ஏன் வீதியைக் கேட்கின்றன என்பதையும் நியாயமாகப் பார்ப்போம். வியாபாரக் கம்பெனியின் காரியாலயத்தை மாடிமேல் மாடியாக எத்தனை உயரம் வேண்டுமானாலும் கட்டலாம்; வைத்தியசாலையை அப்படிக் கட்டிக்கொண்டு போவது எளிதன்று. விபத்தில் அடிபட்டு வருகிறவனை இறக்கும் இடமும், அவன் உடலை ஊடுருவிப் படம் எடுக்கும் யந்திரமும், ரண சிகிச்சை அறையும், அதன்பின் அவனைக் கண்ணிமைபோல் காக்கும் தீவிர சிகிச்சைப் பகுதியும் ஒன்றையொன்று ஒட்டி, கூடியவரையில் ஒரே தளத்தில் இருப்பது உத்தமம். சக்கரக் கட்டிலைத் தள்ளிக்கொண்டு ஓடும் தாதிக்கு லிஃப்டின் வாசலில் காத்திருக்கும் ஒரு நிமிஷம்கூட மிகவும் நீண்டது. அகலமான தளம் வேண்டுமென்றால் அகலமான நிலம் வேண்டும். பழைய நகரங்களின் நடுவே எப்போதோ கட்டப்பட்ட வைத்தியசாலைகளைச் சுற்றியோ, நாற்புறமும் வரப்புப் போல வீதிகள் வளைத்து நிற்கின்றன. வீதிக்கு மேலே பாலம் போடலாம், அடியில் சுரங்கம் தோண்டலாம் என்றால், பாலம் எல்லாத் தேவைகளுக்கும் போதாது; தோண்டினால் தண்ணீர் ஊறும் ஊர்களில் சுரங்கம் உதவாது.

அமெரிக்க ராஜாங்கமே ஒரு காலத்தில் இந்தப் போக்குக்குத் தூபம் போட்டதுண்டு. பழைய பேட்டைகளை இடித்துப் புதுப்பிக்கும் திட்டங்களின் கீழ், 1959இல் பல்கலைக்கழகங்களுக்கும், 1961இல் வைத்தியசாலைகளுக்கும், தம்மைச் சுற்றியுள்ள நிலத்தைச் சேர்ப்பதற்கு அவை செய்யும் செலவு நகரத்தின் பங்காகவே கணக்கிடப்படலாம் என்று சட்டம் வகுத்தார்கள். சிறு சிறு வீதிகளை அழித்துப் பெரிய வளாகங்களாக்குவதே முன்னேற்றம் என்ற நம்பிக்கை அப்போது மேலோங்கியிருந்தது. அதே 1961ஆம் ஆண்டில்தான் ஜேன் ஜேக்கப்ஸ் என்ற அம்மையார், அமெரிக்க நகரங்களின் வாழ்வையும் சாவையும் பற்றிய தம் புகழ்பெற்ற நூலை வெளியிட்டு, நகரத்துக்கு உயிர் தருவன அடிக்கடி குறுக்கிடும் குட்டையான வீதிகளே என்று வாதாடினார். மூலைக்கு மூலை திரும்ப இடமிருந்தால் ஜனங்கள் பல வழிகளில் நடப்பார்கள். நடக்கும் இடத்தில் கடை பிழைக்கும். கடை இருக்கும் இடத்தில் கண்கள் இருக்கும். கண்கள் இருக்கும் இடத்தில் பயம் இராது என்பது அவருடைய வாதத்தின் சாரம்.

*

நியூ ஆர்லியன்ஸின் தர்ம வைத்தியசாலைக்கு வருவோம். 'சாரிட்டி' என்ற பெயராலேயே ஊர் முழுவதும் அறிந்திருந்த அந்த ஸ்தாபனம் 1736இல் தோன்றியது. கடலோடியாகவும் படகு கட்டுகிறவராகவும் வாழ்ந்த ழான் லூயி என்ற பிரெஞ்சுக்காரர், தாம் தேடிய செல்வத்தை நோயுற்ற ஏழைகளுக்கு ஒரு வைத்தியசாலை அமைக்கும்படி உயில் எழுதி வைத்துவிட்டு இறந்தார். அந்த உயிலின் பலனாகத்தான் அது பிறந்தது. நெருப்பும் புயலும் நோயும் கண்டு, இடம் மாறி இடம் மாறி, ஆறாவது முறையாக அது கட்டப்பட்ட இடம் டுலேன் அவென்யூ. 1939இல் எழும்பிய அந்த இருபது மாடிக் கட்டிடத்தில் 2,680 படுக்கைகளுக்கு இடம் இருந்தது. அக்காலத்தில் அமெரிக்காவின் மிகப் பெரிய வைத்தியசாலைகளுள் அது இரண்டாவது. காசில்லாதவன் என்று யாரையும் வாசலில் திருப்பி அனுப்பாத இடம் என்ற பெயர் அதற்கு இருந்தது. 'நான் சாரிட்டியில் பிறந்தவன்' என்று சொல்லிக்கொள்வது அந்த ஊர் ஏழை ஜனங்களுக்கு ஒரு வகைப் பெருமை.

2005ஆம் வருஷம் ஆகஸ்டு 29ஆம் தேதி காத்ரினா புயல் வந்தது. கரைகள் உடைந்து, நகரத்தின் ஐந்தில் நான்கு பங்கு நீரில் மூழ்கியது. சாரிட்டியின் மின்சார சாதனங்கள் நிலவறையில் இருந்தன. வெள்ளம் அங்கே புகுந்ததும் விளக்குகள் அணைந்தன, லிஃப்டுகள் நின்றன, சுவாசம் கொடுக்கும் யந்திரங்கள் ஓய்ந்தன. அந்தக் கும்மிருட்டிலும் புழுக்கத்திலும் வைத்தியர்களும் தாதிகளும் நோயாளிகளின் அருகே அமர்ந்து, காற்றுப் பையைக் கையால் அமுக்கி அமுக்கி, மணிக்கணக்கில் முறைபோட்டுக்கொண்டு மூச்சுக் கொடுத்தார்கள். எல்லோரையும் வெளியேற்றி முடிக்கச் சில நாட்கள் ஆயின. தண்ணீர் வடிந்த பிறகு, வைத்தியர்களும் ராணுவ வீரர்களும் கூடிக் கட்டிடத்தின் கீழ்த் தளங்களைக் கழுவித் துப்புரவாக்கினார்கள்; மறுபடியும் நோயாளிகளைப் பார்க்கலாம் என்று அவர்கள் நம்பினார்கள். ஆனால் அந்தக் கட்டிடம் வைத்தியசாலையாக இனித் திறக்கப்போவதில்லை என்று மேலிடத்தில் முடிவு செய்யப்பட்டது.

அங்கேதான் வீதிகளின் கதை ஆரம்பமாகிறது. பழைய கட்டிடத்துக்குப் பதிலாக ஒரு புதிய போதனா வைத்தியசாலை, வெள்ளத்தில் பழுதான முன்னாள் ராணுவ வீரர் வைத்தியசாலைக்குப் பதிலாக இன்னொரு புதிய வைத்தியசாலை, ஆக இரண்டையும் அடுத்தடுத்து அமைப்பது என்ற யோசனை உருவாயிற்று. 2007இல் நகரத்தின் மேயர், முன்னாள் ராணுவ வீரர் இலாகாவுக்கு நிலத்தைத் தயார் செய்து கொடுப்பதாக உடன்படிக்கை செய்தார். தேர்ந்தெடுத்த இடம் மிட்-சிட்டி என்ற பழைய பேட்டையின் கீழ்ப்பகுதி. தேசிய சரித்திரச் சின்னங்களின் பட்டியலில் இடம்பெற்ற பேட்டை அது.

இந்த ஏற்பாட்டுக்கு ஆதரவாகச் சொல்லப்பட்ட காரணங்களை அலட்சியம் செய்வதற்கில்லை. இரண்டு வைத்தியசாலைகளும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் நிபுணர்களையும் மாணவர்களையும் பகிர்ந்துகொள்ளலாம். புதிதாகக் கட்டினால் மின்சாரம் முதலிய ஜீவநாடிகளையெல்லாம் வெள்ளம் எட்டாத உயரத்தில் அமைக்கலாம். உத்தியோகமின்றித் தத்தளிக்கும் நகரத்துக்கு வைத்தியத் தொழில் ஒரு புதிய ஜீவனோபாயமாகலாம் என்றார்கள். எதிர்த் தரப்பாரும் வெறும் பழமைப் பற்றால் பேசவில்லை. மாகாண சட்டசபையின் விருப்பத்தை ஒட்டி 2008இல் ஒரு கட்டிடக்கலை நிறுவனம் பழைய சாரிட்டியைப் பரிசோதித்து, அதன் எலும்புக்கூடு உறுதியாகவே இருக்கிறது என்றும், உட்புறம் முழுவதையும் அகற்றி நூதன வைத்தியசாலையாக மாற்றலாம் என்றும், புதிதாகக் கட்டுவதைவிட அதற்குச் செலவும் காலமும் குறைவாகவே ஆகும் என்றும் அறிக்கை கொடுத்தது. சரித்திரச் சின்னங்களைப் பாதுகாக்கும் தேசிய அறக்கட்டளை, பழைய வைத்தியசாலையையும் அதனை அடுத்த பேட்டையையும் சேர்த்து, பெரும் ஆபத்துக்குள்ளான பதினோரு இடங்களின் பட்டியலில் அதே வருஷம் வைத்தது. ஏற்கெனவே நிற்கும் வைத்தியசாலையைத் திருத்திக்கொள்ள வழியிருக்கும்போது, வீதிகளையும் வீடுகளையும் அழிப்பானேன் என்பதே அவர்கள் எழுப்பிய கேள்வி.

2010 ஜனவரியில் ஒரு மத்தியஸ்த சபை, பழைய சாரிட்டிக்கு நேர்ந்த நஷ்டத்துக்காக மத்திய அரசாங்கம் 47 கோடியே 48 லட்சம் டாலர் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொல்லிற்று. பணம் கைக்கு வருவது நிச்சயமானதும் விவாதம் ஏறக்குறைய முடிந்துவிட்டது.

*

அந்த 70 ஏக்கரில் வாழ்ந்தவர்களை நினைத்துப் பார்க்க வேண்டும். அவர்களிற் பலர் வெள்ளத்துக்குப் பின் வெளியூர்களில் அகதிகளாக அலைந்து திரும்பி வந்தவர்கள். இடிந்த வீட்டைச் சீர்படுத்த மாகாண சர்க்கார் மத்திய நிதியிலிருந்து கொடுத்த உதவித் திட்டத்துக்கு 'ரோட் ஹோம்', அதாவது வீட்டுக்குத் திரும்பும் வழி, என்று பெயர். அந்த வழியே வந்து, சேறு கழுவி, பூஞ்சணம் பிடித்த சுவர்களைப் பெயர்த்துப் புதுச் சுவர் வைத்து, வர்ணம் பூசிக் குடியேறியவர்களுக்கு, அவர்கள் வாசலில் ஓடும் வீதியே இனி இருக்கப்போவதில்லை என்ற செய்தி வந்தது. திட்டத்தின் எல்லைக்குள் புதிய கட்டிட அனுமதிகள் நிறுத்தி வைக்கப்பட்டன. ஒப்புக்கொண்டு விற்றவர்களும் உண்டு. மறுத்தவர்களுடைய மனைகளைச் சர்க்கார் தன் அதிகாரத்தால் எடுத்துக்கொண்டது. லூசியானாவின் துரித முறைப்படி, நஷ்டஈட்டுத் தொகையை நீதிமன்றத்தில் கட்டிய உடனே சொத்து சர்க்காருடையதாகிவிடும். விலை போதாது என்ற வழக்கை அதற்குப் பிறகுதான் நடத்திக்கொள்ள வேண்டும்.

அங்கே நின்ற வீடுகளில் பெரும்பாலானவை 'ஷாட்கன்' என்று அந்த ஊரார் அழைக்கும் வகையைச் சேர்ந்தவை. குறுகலான முகப்பு, நடைவழி என்பதே இல்லாமல் ஓர் அறைக்குள் நுழைந்து அடுத்த அறைக்குப் போகும்படியாக, இரயில் பெட்டிகளைக் கோத்தாற்போல நீண்ட உடல், தெருவை ஒட்டிய ஒரு சிறு திண்ணை போன்ற முன்வாசல். முன்கதவையும் பின்கதவையும் திறந்துவைத்தால் காற்று தடையின்றி ஓடும். மாலை வேளையில் வீட்டார் முன்வாசற் படியில் உட்கார்ந்திருப்பார்கள்; வீதியில் போகிறவர்கள் நின்று இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போவார்கள். இப்படிப்பட்ட வீட்டுக்கு வீதி ஒரு வெளியறை. அந்த வெளியறையை எடுத்துவிட்டால் வீட்டில் பாதியை எடுத்துவிட்டதாகவே அர்த்தம்.

2010இல் பதவிக்கு வந்த புதிய மேயர், இடிப்பதற்கு ஒதுக்கியிருந்த நிதியில் முப்பது லட்சம் டாலருக்கு மேற்பட்ட தொகையைத் திருப்பி, வீடுகளை அப்படியே பெயர்த்து வேறு பேட்டைகளுக்குக் கொண்டுபோக ஏற்பாடு செய்தார். ஈரத்துக்கு அஞ்சிச் செங்கல் தூண்களின் மேல் உயர்த்திக் கட்டிய மர வீடுகளாதலால் அது சாத்தியமாயிற்று. வீட்டின் அடியில் நீண்ட இரும்பு உத்தரங்களை நுழைத்து, ஜாக்கிகளை வைத்து அங்குலம் அங்குலமாகத் தூக்கி, சக்கரங்களின் மேல் ஏற்றினார்கள். வழியிலுள்ள மின்சாரக் கம்பிகளில் மோதாதபடி கூரைகளை அறுத்து எடுத்தார்கள்; பின்புறத்தில் சேர்த்துக் கட்டியிருந்த பகுதிகளையும் வெட்டி நீக்கினார்கள். இப்படித் தலையும் காலும் இழந்த வீடுகள், எண்பது வாக்கில், லாரிகளால் இழுக்கப்பட்டு மெதுவாக ஊர்ந்து சென்றன. அந்த வீதிகள் செய்த கடைசி ஊழியம், தங்கள் கரையில் நூறு வருஷம் நின்ற வீடுகள் வெளியேறுவதற்குத் தங்கள் முதுகைக் கொடுத்ததுதான். போய்ச் சேர்ந்த வீடுகளில் சில புதுக் கூரையும் புதுக் குடும்பமும் பெற்று நன்றாக வாழ்கின்றன. சிலவோ நெடுங்காலம் கூரையின்றி மழையில் நனைந்து பாழடைந்தன.

*

2015ஆம் வருஷம் ஆகஸ்டு முதல் தேதி புதிய போதனா வைத்தியசாலை திறந்தது, செலவு சுமார் 110 கோடி டாலர், படுக்கைகள் 446. அடுத்த ஆண்டு நவம்பரில் முன்னாள் ராணுவ வீரர்களின் வைத்தியசாலையும் படிப்படியாகத் திறக்கத் தொடங்கியது. இவை சிறந்த வைத்தியசாலைகள் என்பதில் சந்தேகமில்லை. கொடிய விபத்துக்களில் அடிபட்டவர்களைக் காக்கும் உயர்தரச் சிகிச்சை நிலையம் போதனா வைத்தியசாலையில் இரவும் பகலும் இயங்குகிறது. மறுபடி வெள்ளம் வந்தாலும் ஓயாமல் வேலை செய்யும்படியாக அதன் முக்கியமான உறுப்புக்களையெல்லாம் தரைக்கு மேலே உயர்த்தி அமைத்திருக்கிறார்கள். 2005இல் காற்றுப் பையை அமுக்கி உயிர் காத்த தாதிகளின் துன்பம் இன்னொரு தாதிக்கு வரக்கூடாது என்ற எண்ணத்துக்கு நாம் தலைவணங்கியே ஆக வேண்டும். முன்னாள் ராணுவ வீரர் வைத்தியசாலையைக் கட்டியவர்கள், டுலேன் அவென்யூவில் 1907 முதல் நின்ற டிக்ஸி என்ற பழைய பீர் ஆலையின் கோபுரத்தையும் முகப்பையும் இடிக்காமல் தங்கள் கட்டிடத்தோடு சேர்த்துக்கொண்டார்கள். கானல் வீதியிலிருந்த ஓர் இன்ஷ்யூரன்ஸ் கம்பெனியின் கட்டிடத்தையும் அப்படியே பயன்படுத்திக்கொண்டார்கள். மனம் வைத்தால் பழையதும் புதியதும் ஒரே கூரையின் கீழ் வாழ முடியும் என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டியதில்லை. அந்த மனம் கட்டிடங்களோடு நின்றுவிடாமல், இரண்டொரு வீதிகளையாவது நடைவழியாகத் திறந்து வைப்பது வரையில் போயிருக்கலாகாதா என்ற ஏக்கமும் அதனாலேயே உண்டாகிறது.

மறுபுறம், இருபது மாடிப் பழைய சாரிட்டி, பத்து லட்சம் சதுர அடியோடு, பதினைந்து வருஷங்களுக்கு மேலாகக் காலியாகவே நின்றது. நோயாளிகளுக்கு இடம் போதாது என்று வீதிகளை மூடிய ஊரில், புதிய வைத்தியசாலையிலிருந்து நடந்து போகும் தூரத்திலேயே, இத்தனை பெரிய கட்டிடம் வெறிச்சோடி நின்றதைக் கண்டவர்களுக்கு நெஞ்சு கனக்காமல் இருந்திராது.

வேறு விதமாகவும் இது நடக்கலாம். வாஷிங்டன் மாகாணத்தின் சியாட்டில் நகரத்தில் உள்ள குழந்தைகள் வைத்தியசாலை விஸ்தரிக்க விரும்பியபோது, பக்கத்தில் லாரலான் டெரஸ் என்ற 136 குடியிருப்புக்கள் கொண்ட தொகுதி இருந்தது. வைத்தியசாலையார் அங்குள்ள உரிமையாளர்களோடு பேசி, சந்தை விலைக்கு மேலாகவே கொடுத்து, ஒட்டுமொத்தமாக வாங்கிக்கொண்டார்கள். அந்தத் தொகுதிக்குள் ஓடிய வீதிப் பகுதிகளை மூட 2010இல் நகர மன்றம் இசைந்தது. அங்கேயும் ஆட்சேபங்களும் வழக்காடல்களும் இல்லாமலில்லை. ஆயினும் அந்த ஊர் அனுசரிக்கும் விதி கவனிக்கத்தக்கது: வீதியைப் பெறுகிறவர் அதற்கு விலை கொடுப்பதோடு, அதற்கு ஈடான ஒரு பொது நன்மையையும் செய்து காட்ட வேண்டும். நடைபாதையாகவோ, சைக்கிள் வழியாகவோ, மரநிழலுள்ள பொது இடமாகவோ, பொதுஜனங்களுக்கு நேர்ந்த நஷ்டம் பொதுஜனங்களுக்கே திரும்ப வேண்டும் என்பது அதன் தாத்பரியம்.

இந்த இரண்டு ஊர்களின் அனுபவத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், வைத்தியசாலைக்காக ஒரு வீதியை மூடப் போகிறோம் என்று எந்த நகரசபை அறிவித்தாலும், அதன் ஜனங்கள் கேட்க வேண்டிய கேள்விகள் நான்கு என்று எனக்குத் தோன்றுகிறது. வேறு வழியை மெய்யாகவே ஆராய்ந்தார்களா, ஆராய்ந்ததை எல்லோரும் படிக்கும்படி வெளியிட்டார்களா என்பது முதற் கேள்வி. வீதியில் வசிப்பவர்கள் முடிவுக்கு முன்னால் கேட்கப்பட்டார்களா, முடிவு செய்த பின்னால் அழைக்கப்பட்டார்களா என்பது இரண்டாவது. மூடும் வீதிக்கு ஈடாகப் பொதுஜனங்களுக்குக் கிடைப்பது என்ன என்பது மூன்றாவது. வண்டிகள் போகாவிட்டாலும் கால்நடையாகப் போகிறவர்களுக்கு அந்த வளாகத்தின் ஊடே ஒரு வழியைத் திறந்து வைக்க முடியாதா என்பது நான்காவது. இவற்றுக்கு நேர்மையான விடை சொல்லக்கூடிய வைத்தியசாலைக்கு வீதியை மனமுவந்து கொடுக்கலாம். அதைக் காட்டிலும் நல்ல காரியத்துக்கு ஒரு வீதி பயன்பட முடியாது.

ழான் லூயி தன் செல்வத்தைக் கொடுத்தது அறிந்து கொடுத்த கொடை. உயில் எழுதி, நோக்கம் சொல்லிக் கொடுத்தார். பால்மைரா வீதியின் ஜனங்களும் பின்னால் ஒரு வைத்தியசாலைக்குக் கொடுத்தவர்களே. அவர்களுக்கு உயில் எழுதும் அவகாசம் கிடைக்கவில்லை. அவர்களுடைய பெயரையும் கொடையாளிகள் வரிசையில் வைத்து எண்ணும் மனப்பான்மை நகரத்தை ஆளுகிறவர்களுக்கு வரவேண்டும்.

இன்று டுலேன் அவென்யூவின் பக்கமிருந்து ரோமன் வீதியின் வழியாகக் கானல் வீதிக்குப் போக விரும்புகிறவன் நேரே போக முடியாது; வைத்தியசாலையைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். உள்ளே கட்டிலில் படுத்திருக்கிறவனுக்கும் வெளியே சுற்றி நடக்கிறவனுக்கும் ஒரே ஏட்டில்தான் கணக்கு எழுதப்பட வேண்டும். ஏனென்றால், இன்றைக்கு வெயிலில் சுற்றி நடக்கிறவன்தான் நாளைக்கு அந்தக் கட்டிலுக்கு வந்து சேருகிறவன்.